ஜார்ஜ் லான்ஸ்பரி
ஜார்ஜ் லான்ஸ்பரி (பெப்ரவரி 22, 1859 – மே 7, 1940) ஓர் ஆங்கிலேய அரசியல்வாதி, சமூக சீர்திருத்தவாதி ஆவார். 1932 முதல் 1935 வரை பிரித்தானியத் தொழிற்கட்சியின் தலைவராக இருந்தார். கிழக்கு இலண்டனில் உள்ள பாப்லர் பரோவின் உள்ளாட்சி அரசியலோடு இவரது பெயர் நெருங்கிய தொடர்புடையது. பரோ என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தைக் கொண்ட நகர உள்ளாட்சிப் பிரிவு ஆகும்.

இளமையும் தொடக்ககால அரசியலும்

லான்ஸ்பரி இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். 1880 இல் எலிசபெத் பிரைன் என்பவரை மணந்தார். 1884 இல் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அங்கு வறுமையால் வாடி, மறு ஆண்டே நாடு திரும்பினார்.

1889 இல் இலண்டன் கவுண்டி மன்றத்திற்கு நடந்த முதல் தேர்தலில் ஜேன் கோப்டன் என்ற பெண் வேட்பாளரின் தேர்தல் முகவராகப் பணியாற்றினார். கோப்டன் வெற்றி பெற்றார். எனினும், பெண் என்பதால் அவர் உறுப்பினராகச் செயற்படுவது நீதிமன்ற வழக்குகளால் தடுக்கப்பட்டது. கவுண்டி, பரோ மன்றங்களில் உறுப்பினராகும் உரிமை பெண்களுக்கு 1907 இலேயே கிடைத்தது.

1893 இல் லான்ஸ்பரி பாப்லரின் ஏழையர் காப்பாளர் வாரியத்திற்கும், 1903 இல் பரோ மன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1910 இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பெண்களின் வாக்குரிமையை முன்னிறுத்தி 1912 இல் பதவி விலகி மீண்டும் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

1919 பரோ தேர்தல்

முதல் உலகப் போர்க் காலத்தில் உள்ளாட்சித் தேர்தல்கள் நடைபெறவில்லை. வறியோர் உதவி பெற்றவர்களுக்கு அதுவரை வாக்குரிமை மறுக்கப்பட்டு வந்தது. 1918 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தடையை நீக்கி, வாக்காளர் தொகையையும் பெருக்கியது. 1919 நவம்பரில் நடந்த தேர்தலில் பாப்லரின் 42 இடங்களில் 39 ஐத் தொழிற்கட்சி வென்றது. லான்ஸ்பரி அக்கட்சியின் முதல் பாப்லர் மேயரானார். 1920 இல் மன்ற ஊழியர்களுக்கு வாரம் 4 பவுண்டு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. இது ஆண், பெண் இருபாலருக்கும் சமமானதாகும்.

வரி எதிர்ப்புப் போராட்டம்

அக்காலத்தில் ஒவ்வொரு பரோவும் தன் பகுதி ஏழைகளுக்கான உதவிச் செலவைத் தன் சொத்து வரியிலிருந்தே பெரிதும் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. வேலையின்மை மிகுந்த பாப்லரில் செலவு அதிகம். சொத்துகளின் மதிப்போ குறைவு. செல்வம் மிக்க பரோக்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. எனவே 1921 இல், இலண்டன் கவுண்டி மன்றம் முதலிய பொது அமைப்புகளுக்கான வரிப் பங்கைத் திரட்டிச் செலுத்த பாப்லர் மன்றம் மறுத்தது. நீதிமன்ற ஆணையை மீறியதற்காக லான்ஸ்பரி உட்பட 30 உறுப்பினர்கள் செப்டம்பரில் சிறையிலடைக்கப்பட்டனர். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையிலும், ஐந்து பெண்கள் ஹாலோவே சிறையிலும் வைக்கப்பட்டனர். மன்றக் கூட்டங்கள் சிறைக்குள்ளேயே நடைபெற்றன.

ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் அக்டோபர் 12 அன்று அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஏழையர் உதவிச் செலவைப் பணக்கார, ஏழைப் பரோக்களுக்கிடையே பகிரும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. சிறை சென்றவர்களுள் ஒருவரான லான்ஸ்பரியின் மருமகள் மின்னி 1922 சனவரி 1 இல் நுரையீரல் அழற்சியால் இறந்தார். 1922 பரோ தேர்தலில் இலண்டனின் பல பகுதிகளில் பின்னடைவு கண்ட தொழிற்கட்சி, பாப்லரைத் தக்கவைத்துக் கொண்டது.

பிற்காலம்

1922 இல் மீண்டும் நாடாளுமன்றம் சென்ற லான்ஸ்பரி, 1929–1931 அரசில் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தார். போர் எதிர்ப்புக் கொள்கையில் உறுதியாக நின்றதால் 1935 இல் கட்சித் தலைமையைத் துறந்தார். 1936 இல் இரண்டாம் முறையாகப் பாப்லரின் மேயரானார்.

பாப்லர் பரோ 1965 இல் புதிதாக உருவான டவர் ஹாம்லெட்சு பரோவின் பகுதியானது. பாப்லரில் உள்ள லான்ஸ்பரி குடியிருப்புப் பகுதி இவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.