சிபில் கார்த்திகேசு: நோயாளியைக் காட்டிக் கொடுக்காத தாதி

ஜார்ஜ்டவுன்: 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் நகரின் மேல் பறந்து வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அதுவரை குண்டு வீச்சு என்றால் என்னவென்று யாரும் கண்டதில்லை. சற்று நேரத்தில் கடைத் தெருக்கள் பற்றி எரிந்தன. காயம்பட்டவர்கள் மருத்துவமனையில் குவிந்தார்கள். இன்று லிட்டில் இந்தியா என்று நாம் சொல்லும் பாசார் தெரு, பினாங்கு தெரு வட்டாரத்துப் பழைய குடும்பங்களில் ஜப்பான்காரன் காலத்துக் கதை ஒன்றாவது இருக்கும்.

அதே டிசம்பரில் ஈப்போவும் ஜப்பானியர் கைக்குப் போனது. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊரில் அப்போது ஒரு தாதி இருந்தார். பெயர் சிபில் கார்த்திகேசு.

பெயரைப் பார்த்து அவரைத் தமிழ்ப் பெண் என்று நினைப்பவர்கள் பலர். அவர் தமிழ்க் குடும்பத்து மருமகள். பிறந்தது 1899 செப்டம்பர் 3-ஆம் தேதி, சுமத்ராவின் மேடான் நகரில். தந்தை ஜோசப் டேலி ஐரிஷ் வழி யுரேஷியர். தாயார் பியாட்ரிஸ் ஒரு மருத்துவச்சி. நான்கு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண்ணான சிபில், தாயாரின் தொழிலையே தேர்ந்தெடுத்துத் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார்.

1919 ஜனவரியில் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். தைப்பிங்கில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழரான டாக்டருக்கு இயற்பெயர் ஆறுமுகம் கணபதிப்பிள்ளை. அவர் இந்து, பெண் கத்தோலிக்கர் என்பதால் பெண் வீட்டார் முதலில் தயங்கினார்கள். பிறகு சம்மதித்து, கோலாலம்பூர் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் மகன் பிறந்தான். மைக்கேல் என்று பெயர் வைத்தார்கள். அது 1915-இல் கல்லிப்போலி போரில் இறந்துபோன சிபிலின் அண்ணன் பெயர். குழந்தை 19 மணி நேரமே உயிரோடிருந்தது. மற்றவர்களுக்குப் பிரசவம் பார்க்கப் படித்த பெண், தன் பிள்ளையைப் புதைத்தபோது அவருக்கு இன்னும் 20 வயதுகூட ஆகவில்லை.

அந்தத் துக்கத்துக்கு வழி கண்டவர் தாயார்தான். அதற்கு முந்தைய ஆண்டு பிறந்த ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்கச் சொன்னார். அப்படி வந்தவன் வில்லியம். பிறகு 1921-இல் ஒல்காவும் 1936-இல் டானும் பிறந்தார்கள். பிள்ளையை இழந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை சிபில் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

ஈப்போ புரூஸ்டர் சாலை, 141-ஆம் எண் கடைவீட்டில் 1926 முதல் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். சிபில் கண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். ஈயச் சுரங்க வட்டாரத்துச் சீனத் தாய்மார்கள் அவரிடம் கூச்சமில்லாமல் தங்கள் நோயைச் சொல்ல அது போதுமானதாக இருந்தது. வலியைத் தன் மொழியில் சொல்ல முடிவதே பாதி ஆறுதல். மருத்துவமனையில் நம் பாட்டிமார்கள் தமிழ் பேசும் மிஸ்ஸியைத் தேடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

(இங்கே நாம் தாதி என்கிறோம், தமிழ்நாட்டில் செவிலியர் என்கிறார்கள். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் வளர்ப்புத்தாய். வீட்டைவிட்டுப் போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடப்பவளும் அவள்தான். இந்தத் தொழிலுக்கு அந்தச் சொல் பொருத்தமாகத்தான் வாய்த்திருக்கிறது.)

ஜப்பானியர் ஈப்போவைப் பிடிப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பே குடும்பம் பக்கத்திலுள்ள பாப்பான் சிற்றூருக்கு இடம் மாறியிருந்தது. பிரதான வீதியில் 74-ஆம் எண் வீடு. பகலில் ஊர் மக்களுக்கு மருத்துவம். இரவில் மலைக்காட்டிலிருந்து வேறு நோயாளிகள் வந்தார்கள். மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் போராளிகள் அவர்கள். காய்ச்சலோடும் புண்களோடும், சில நேரம் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த உடம்போடும் வந்தார்கள். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தும் சிபில் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வானொலி கேட்பதும் அப்போது பெருங்குற்றம். அவர் ஒரு சிற்றலை வானொலியை வீட்டில் மறைத்து வைத்து, பிபிசி செய்தியைக் கேட்டு நம்பிக்கையானவர்களிடம் சொல்லி வந்தார். மருந்து தட்டுப்பாடான காலத்தில் நல்ல செய்தியும் ஒருவகை மருந்துதான்.

1943-இல் எல்லாம் வெளிப்பட்டது. முதலில் டாக்டர் கைதானார், பின்னர் சிபில். ஈப்போவில் கெம்பித்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரை மாதக்கணக்கில் விசாரித்தார்கள். அடித்தார்கள், தண்ணீர் புகட்டி வதைத்தார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள். முதுகெலும்பு பாதிக்கப்பட்டது, பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடையில் காயம் ஏற்பட்டது. அவர்கள் கேட்டதெல்லாம் பெயர்கள்: யார் வந்தார்கள், யாருக்கு மருந்து கொடுத்தாய்?

சிபில் சொல்லவில்லை. யோஷிமுரா என்ற அதிகாரி கடைசியாகக் கடைக்குட்டி டானைக் கொண்டுவந்தான். சிறுமியை மரத்தில் தொங்கவிட்டு, தாயின் கண்ணெதிரே கீழே நெருப்பு மூட்ட வைத்தான். அந்த நிமிடங்களில் ஒரு தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. இன்னொரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டதால் குழந்தை தப்பியது. சிபில் ஆயுள் தண்டனையோடு பத்து காஜா சிறைக்குப் போனார். போருக்குப் பிறகு யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

1945-இல் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவரால் தானாக நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். அத்தனை பேரைக் கவனித்தவர், இப்போது மற்ற தாதியரின் கவனிப்பில் படுத்திருந்தார். அந்த நிலையில்தான் தன் நினைவுகளை எழுதினார். மன்னர் ஆறாம் ஜார்ஜ் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தார். ஆனால் தாடைக் காயம் ஆறவேயில்லை. அதிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து, 1948 ஜூனில் பிரிட்டனிலேயே இறந்தார். வயது 48. புத்தகம் வெளிவந்தது 1954-இல்தான்.

முதலில் ஸ்காட்லாந்தில் புதைக்கப்பட்ட உடல், 1949 மார்ச்சில் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கிளினிக் நடத்திய அதே புரூஸ்டர் சாலைப் பக்கம், செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அந்தச் சாலைக்கு இப்போது சுல்தான் இட்ரிஸ் ஷா பெயர். ஈப்போவில் வேறொரு சாலைக்கு சிபிலின் பெயர் இருக்கிறது. பாப்பான் வீட்டைப் பாரம்பரிய ஆர்வலர்கள் நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள். ஈப்போ பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த 74-ஆம் எண் வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம்.