கிராஃபைட்டின் மூலையைக் காட்டிய கே.எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவு என்றதும் சர் சி.வி. ராமன் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 1928-இல் கல்கத்தாவில் அவருடன் உழைத்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனை நம்ம பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இக்கல்லூரியில் இயற்பியல் படித்தவன் என்ற உரிமையில் அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு டாக்காவில், படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எப்படித் திரும்புகிறது என்று அளந்தார். 1933-இல் கல்கத்தா திரும்பியபின் கிராஃபைட்டைப் பிடித்துக்கொண்டார். அதாங்க, நம்ம பென்சில் கரி! அதன் அடுக்குக்குச் செங்குத்தாகக் காந்தப் புலம் இருந்தால் விலக்கம் பல மடங்கு அதிகம். அடுக்கோடு அடுக்காக இருந்தால் மிகச் சொற்பம். எலெக்ட்ரான்கள் அடுக்குக்குள் தாராளமாக ஓடுகின்றன, அடுக்கு தாண்டத் திணறுகின்றன என்பது தெளிவாயிற்று.

இன்று இதையே கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறோம். எலெக்ட்ரான் அலைகள் கோடானுகோடி. அத்தனையையும் கணக்கிட முடியாது. ஆகவே கட்டம் போட்டு, சில 'கே' புள்ளிகளை மட்டும் எடுக்கிறோம். 1976-இல் மான்கோர்ஸ்ட், பேக் இருவரும் சொன்ன முறையே இன்றும் பெருவழக்கு. நம்ம ஊர்க்காரருக்கு இது புதுசில்லை. முத்துச் சலாபம் நடத்துமுன், பாரில் கிடக்கும் சிப்பி முழுவதையுமா அள்ளிப் பார்த்தார்கள்? மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்புப் போட்டுத்தானே முடிவு செய்தார்கள்!

ஆனால் மாதிரி எடுக்கும் இடம் தப்பினால் கணக்கும் தப்பும். கிராஃபைட்டில் மின்சாரம் கடத்தும் எலெக்ட்ரான்கள் அறுகோண மண்டலத்தின் மூலைகளை ஒட்டியே இருக்கின்றன. மையப் புள்ளியைச் சேர்த்துப் போடும் கட்டம் 3-இன் மடங்காக, 6, 12, 18 என்று இருந்தால் மூலை அகப்படும். 8 போட்டால் மூலை நழுவி, கடத்தும் பொருளே கடத்தாதது போலத் தோன்றும். அடுக்குத் திசையில் கூடு உயரமானது. அங்கே புள்ளி குறைவாக இருந்தாலும் போதும். விடை மாறாமல் நிற்கும்வரை கட்டத்தை நெருக்கிப் பார்ப்பது அவசியம்.

கிருஷ்ணன் 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். தமிழிலும் அறிவியல் எழுதினார். 1961-இல் மறைந்தார்; நம் கடலில் கடைசி முத்துச் சலாபம் நடந்ததும் அதே ஆண்டுதான்.

தம்பி, தங்கைகளே! கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்துக்கும் ஒரு விடை தரும். அது சரியா என்று சொல்ல, இழையில் படிகத்தைத் தொங்கவிட்டவரின் அளவு வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.