எடை கூடிய தங்கக் காசு

ஐசக் நியூட்டன் என்றதும் ஆப்பிள் பழம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெரிய விஞ்ஞானி, தம் வாழ்நாளில் சுமார் 30 ஆண்டுகளைக் காசு அடிக்கும் இடத்தில் கழித்தார்.

நியூட்டன் 1642-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். கேம்பிரிட்ஜில் படித்து, அங்கேயே பேராசிரியர் ஆனார். 1696-ல், 53-வது வயதில், லண்டன் தங்கசாலைக்கு அதிகாரியாக வந்தார். 1699-ல் அதன் தலைவர் ஆனார்.

பொறுக்கி எடுத்தார்கள்

அந்தக் காலத்தில் தங்கக் காசுக்கு "கினி" என்று பெயர். எல்லாக் கினியும் ஒரே எடையில் இருக்கவேண்டும். ஆனால் அடிக்கும்போது எடை தவறியது. ஒரு காசில் இரண்டு, மூன்று கிரெயின் கூடுதல். இன்னொரு காசில் குறைவு. இரண்டு கிரெயின் என்பது ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை.

குன்றிமணிதானே என்று பொன் வியாபாரிகள் விட்டுவிடவில்லை. தராசும் கையுமாக உட்கார்ந்து, கனமான காசுகளைப் பொறுக்கினார்கள். உருக்கினார்கள். அந்தத் தங்கத்தையே தங்கசாலையில் கொடுத்துப் புதுக் காசு வாங்கினார்கள். இப்படி 100 காசை உருக்கினால் 101 கிடைக்கும்! காசு அடிக்கும் செலவு அரசாங்கத்துக்கு; லாபம் அவர்களுக்கு. இலேசான காசுதான் மக்கள் கையில் தங்கியது.

உருகி மீண்டும் வந்த அந்தக் காசுகளுக்குத் "திரும்பி வரும் கினி" என்றே பெயர் ஏற்பட்டது.

நியூட்டன் இதைக் கண்டுபிடித்தார். எல்லாக் காசும் ஏறக்குறைய ஒரே எடையில் வரும்படி வேலையை இறுக்கினார். பொறுக்குவதில் லாபம் இல்லாமல் போயிற்று.

அவருக்கே வந்த சோதனை

தங்கசாலைக்கும் பரீட்சை உண்டு. அடித்த காசுகளில் சிலவற்றைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். பிறகு பொற்கொல்லர் குழு ஒன்று அவற்றை எடை போடும். உருக்கி, அரசாங்கத்தின் மாதிரித் தங்கத் தகடோடு மாற்றுப் பார்க்கும்.

1710-ல் நடந்த பரீட்சையில், நியூட்டன் அடித்த காசு மாற்றுக் குறைவு என்று தீர்ப்பு வந்தது. பிழை திருத்த வந்தவர் மீதே பழி விழுந்தது!

67 வயதான நியூட்டன் சும்மா இருக்கவில்லை. தாமே சோதனை செய்தார். பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதினார். பிழை காசில் இல்லை. 1707-ல் செய்த மாதிரித் தகட்டில்தான் இருக்கிறது என்று வாதாடினார். அந்தத் தகட்டில் தங்கம் தேவைக்கு மேல் சுத்தமாக இருந்தது. அதோடு ஒப்பிட்டால் நல்ல காசும் மட்டமாகத்தான் தெரியும்.

அந்தத் தகடு ஒதுக்கப்பட்டது. பழைய தகடே மீண்டும் வந்தது. நியூட்டன் சொன்னது சரி என்று பிற்காலச் சோதனையும் காட்டியது.

காசைக் குறை சொல்லுமுன், அளக்கும் கருவி சரிதானா என்று பார்க்கவேண்டும். பழங்காசு சேர்ப்பவர்களுக்கு இன்றும் இதுவே முதல் பாடம்.

1727-ல், 84-வது வயதில் இறக்கும்வரை, நியூட்டன் தங்கசாலைத் தலைவராகவே இருந்தார்.