தில்லையில் வித்திட்ட வள்ளல்
அரசர் சேர் அண்ணாமலைச் செட்டியார்

செல்வம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று என்பதை எமது முன்னோர் பலவாறு எடுத்துக் கூறியுள்ளனர். இன்று ஒருவன் கையில் இருப்பது நாளை இன்னொருவன் கைக்கு மாறும்; தந்தை தேடியதை மைந்தன் தொலைப்பான்; மைந்தன் காத்ததைக் காலம் கொண்டுபோகும். அப்படியாயின் ஒரு செல்வனுடைய வாழ்விலே எஞ்சி நிற்பது யாது? இவ்வினாவுக்கு விடை சொல்ல வல்லது செட்டிநாட்டரசர் சேர் அண்ணாமலைச் செட்டியாரின் வாழ்க்கை. கோயிலும் கல்வியும் கலையும் தழைக்க வேண்டுமென விழையும் எமது வாலிபர்கள் இப்பெரியாரின் வரலாற்றை அறிந்துகொள்வது நலமெனக் கருதி, அதனைச் சுருக்கமாக இங்கே தருகின்றோம்.

செட்டிநாட்டிலே கானாடுகாத்தான் என்னும் ஊரில் 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 30ஆம் நாள் முத்தையாச் செட்டியாரின் மைந்தராக அண்ணாமலையார் பிறந்தார். அவர் பிறந்த நகரத்தார் மரபு இலங்கையருக்குப் புதியதன்று. கொழும்புச் செட்டியார் தெருவிலே கதிர்வேலாயுத சுவாமிக்குக் கோயில் எடுத்து, ஆடிவேல் விழாவை வளர்த்தவர்கள் அம்மரபினரே. மழை குறைந்த வறண்ட நாட்டிலே பிறந்து, கடல் கடந்து பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பொருளீட்டியவர்கள் அவர்கள்.

அவர்களிடம் மகமை என்றொரு நல்வழக்கம் இருந்தது. தொழிலில் வரும் ஊதியத்தில் ஒரு பகுதியை அறத்துக்கென முன்னதாகவே ஒதுக்கிவிடுவர். கடையின் பேரேட்டிலே கடவுளின் பெயரால் ஒரு கணக்குத் திறக்கப்படும். அக்கணக்கில் சேரும் பணம் கடவுளுடையது. அதற்கு வட்டியும் ஏறும். அப்பணத்தைக்கொண்டே பழைய சிவாலயங்கள் புதுப்பிக்கப்பட்டன; சத்திரங்களும் பசுமடங்களும் வேதபாடசாலைகளும் எழுந்தன. மனம் இளகிய நேரத்தில் அள்ளிக் கொடுப்பது ஒருவகைக் கொடை. ஆண்டுதோறும் கணக்கெழுதி ஒழுங்காகக் கொடுப்பது மற்றொருவகை. அண்ணாமலையார் இந்த இரண்டாவது வகையிலே பழகி வளர்ந்தவர். பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலின் வித்து இந்த மகமைக் கணக்கிலேதான் இருந்தது என்று நாம் எண்ணுகின்றோம்.

இளமையிலேயே குடும்பத் தொழிலில் இறங்கிய அவர் அதனைப் பன்மடங்கு பெருக்கினார். வங்கித் தொழிலிலும் முன்னின்றார். சட்ட மன்றங்களில் அங்கம் வகித்தார். பிரித்தானிய அரசு 1923இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கியது. 1929இல் வழிவழி வரும் செட்டிநாட்டரசர் என்னும் பட்டமும் கிடைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமற் கூறுதல் வேண்டும். நகரத்தாரின் கடல் கடந்த செல்வம் வட்டித் தொழிலால் வந்த செல்வம். 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் நெல்விலை வீழ்ந்தபோது, பர்மிய உழவர் கடனைத் தீர்க்க முடியாது நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு நகரத்தார் கைக்கு வந்துசேர்ந்தது. நிலமிழந்தவன் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வந்த வழியை மறந்து கொடையை மாத்திரம் போற்றுவது அறமாகாது. ஆயினும், அதே வழியிற் பொருள் சேர்த்தவர் பலர் மாளிகை கட்டியதோடு நின்றுவிட, ஒருவர் அதனைப் பொதுச்சொத்தாக்கினார் என்பதும் உண்மையே.

தில்லைச் சிதம்பரம் சைவருக்குக் கோயில் என்ற சொல்லாலேயே சுட்டப்படும் திருத்தலம். அங்கே அண்ணாமலையார் 1920ஆம் ஆண்டு ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். சென்னை போன்ற பெருநகரை நாடாமல், காவிரி நாட்டின் கடைக்கோடியிலே, நெல்வயல்களுக்கு நடுவே உயர்கல்வியைக் கொண்டுவந்து வைத்தமை அந்நாளிலே புதுமையானது. நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் பட்டணம் போகாமலே பட்டதாரிகளாவதற்கு அது வழிதிறந்தது. அக்கல்லூரியை அடுத்துத் தமிழ்க் கல்லூரியும் வடமொழிக் கல்லூரியும் எழுந்தன. தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக அமர்ந்தவர் யார்? ஏட்டுச்சுவடிகளைத் தேடியெடுத்துத் தமிழுக்கு உயிரளித்த மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரே 1924 முதல் 1927 வரை அப்பதவியிலிருந்தார்.

தனிமனிதர் ஒருவரின் பணத்தில் நடக்கும் கல்லூரிக்கு ஓர் ஆபத்து உண்டு. கொடுப்பவர் மறைந்தாலோ மனம் மாறினாலோ கல்லூரியும் தளர்ந்துவிடும். அண்ணாமலையார் இதனை உணர்ந்திருந்தார் போலும். தாம் நிறுவிய கல்விக்கூடங்களையும் அவற்றோடு இருபது இலட்சம் ரூபாவையும் ஒப்படைத்து, அவற்றை ஒரு பல்கலைக்கழகமாக்கும்படி சென்னை அரசாங்கத்தோடு உடன்பாடு செய்தார். 1928இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1929ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந்தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. மாணவர் அங்கேயே தங்கிக் கற்கும் பல்கலைக்கழகம் அது. சுற்றிலும் எழுந்த ஊரும் அண்ணாமலைநகர் என்றே பெயர் பெற்றது.

அந்த ஏற்பாட்டை இளைஞர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மூலதனத்தைத் தனியார் கொடுத்தார். அரசாங்கமும் பொருளுதவி செய்தது. பாடத்தையும் பட்டத்தையும் கல்வியாளர் சபைகள் கவனித்தன. கவர்னர் வேந்தரானார். நிறுவியவர் இணைவேந்தர் ஆனதோடு, துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கும் அவர் வழியினருக்கும் சட்டப்படி ஓர் உரிமையும் அளிக்கப்பட்டது. கொடை என்பது பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவது மாத்திரமன்று. கொடுத்தவருக்குப் பின்னும் அது நடக்கும்படி அமைப்பொன்றை உண்டாக்குவதும் கொடையின் பகுதியே.

பல்கலைக்கழகம் தோன்றியதும் தமிழறிஞர் பலர் அங்கே திரண்டனர். நாவலர் சோமசுந்தர பாரதியார், நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார், பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ஆகியோர் அங்கே கற்பித்தனர். இவர்கள் எல்லோருக்கும் முன்னராக, 1931இல் அங்கே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் எமது மட்டக்களப்பு மாநிலத்துக் காரைதீவு ஈன்ற சுவாமி விபுலாநந்தர் என்பதை நினைக்குந்தோறும் எமது நெஞ்சு பூரிக்கின்றது. சுவாமிகள் 1933 வரை அங்கே பணியாற்றினார். பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் பற்றி அவர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார்.

யாழைப் பற்றிப் பேசவே இசையின் நினைவும் வருகின்றது. அண்ணாமலையார் 1929இலேயே சிதம்பரத்தில் இசைக்கல்லூரியையும் நிறுவியிருந்தார். எங்கள் நாட்டிலிருந்தும் பலர் அங்கே சென்று பயின்றனர். சங்கீதபூஷணம் என்ற பட்டத்தோடு திரும்பிய அவர்கள் இங்குள்ள பாடசாலைகளிலும் கோயில்களிலும் இசை வளர்த்ததை எமது பெரியோர் அறிவர்.

ஆனால் அக்காலத்துச் சங்கீத சபைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இருந்த இடம் யாது? கச்சேரியின் பெரும்பகுதி தெலுங்குக் கீர்த்தனங்களுக்கும் வடமொழிக் கீர்த்தனங்களுக்குமே உரியது. இறுதியிலே, சபையோர் எழுந்துபோகும் வேளையில், துக்கடா என்ற பெயரோடு இரண்டொரு தமிழ்ப் பாடல்கள் பாடப்படும். தேவாரம் பிறந்த நாட்டிலே, முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப்பிள்ளையும் கூத்தப்பெருமானைப் பாடிய மண்ணிலே, அருணாசலக் கவிராயர் இராமகாதையைக் கீர்த்தனமாக்கிய சீகாழிக்கு அணித்தாகவே இந்நிலை இருந்தது. பாடுவோருக்கும் பொருள் தெரியாது. கேட்போருக்கும் பொருள் தெரியாது.

இக்குறையைப் போக்க அண்ணாமலையார் முன்வந்தார். தமிழ்ப் பாடல்களை இயற்றவும் பரப்பவும் 1940இல் பல்கலைக்கழகத்துக்குப் பத்தாயிரம் ரூபா அளித்தார். 1941இல் அண்ணாமலைநகரிலே தமிழிசை மாநாடு கூடிற்று. பின்னர் வேறு ஊர்களிலும் மாநாடுகள் நடந்தன. எதிர்ப்பும் எழுந்தது. இசைக்கு மொழியில்லை என்றும், மொழிப்பற்றால் இசையின் தரம் தாழும் என்றும் சங்கீத உலகிற் பலர் வாதிட்டனர். பிறமொழிப் பாடல்களை ஒழிப்பது எம் நோக்கமன்று, தமிழ்நாட்டில் தமிழுக்கு முதலிடம் கேட்பதே நோக்கம் என்று தமிழிசை அன்பர்கள் விடையிறுத்தனர். இராஜாஜி, இரசிகமணி டி. கே. சி., கல்கி, ஆர். கே. சண்முகஞ் செட்டியார் ஆகியோர் இவ்வியக்கத்துக்குத் தோள்கொடுத்தனர். 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் இசைவிழா எடுப்பதும், தேவாரப் பண்களை ஆராய்வதும், இசைக்கல்லூரி நடத்துவதும் அதன் பணிகளாயின. சொல்லிச் சொல்லி மாற்ற முடியாததை, மேடையொன்றை அமைத்துக் கொடுத்து மாற்றினார் அண்ணாமலையார்.

1948ஆம் ஆண்டு சூன் மாதம் 15ஆம் நாள் அவர் மறைந்தார். அவருக்குப் பின் அவருடைய மைந்தர் முத்தையாச் செட்டியார் அப்பணிகளைத் தொடர்ந்தார். தமிழிசைச் சங்கத்துக்கென 1952இல் எழுந்த அண்ணாமலை மன்றம் சென்னையிலே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, அந்தக் கடல் கடந்த செல்வத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது நகரத்தாரிற் பலர் வீடு வாசலையும் கடையையும் விட்டு ஓடிவந்தனர். அண்ணாமலையார் மறைந்த அதே 1948இல், விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. பேரேட்டில் எழுதியிருந்த பெருஞ்செல்வம் பேரேட்டிலேயே முடிந்தது. கடலுக்கப்பால் வைத்தது போயிற்று. தில்லையிலே கொடுத்தது நின்றது.

அதுவும் அவர் குடும்பத்தின் கையில் என்றென்றும் இருக்கவில்லை. நாளடைவிற் பல்கலைக்கழகம் மிகப் பெருகிற்று. 2012ஆம் ஆண்டையொட்டிப் பெரும் பணநெருக்கடி தோன்றி, ஊழியர் போராட்டமும் நிகழ்ந்தது. 2013இல் தமிழ்நாட்டரசு புதிய சட்டமியற்றி நிர்வாகத்தைத் தானே ஏற்றது. நிறுவியவர் குடும்பத்தின் பழைய உரிமைகள் அத்தோடு முடிந்தன. இதனை வீழ்ச்சி என்பாரும் உளர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல அமைப்பும் விழிப்பாகப் பேணாவிட்டால் நோயுறும் என்பது இதிலுள்ள எச்சரிக்கை. ஆனால் உரிமை மாறியபோதும் வகுப்பறை மூடப்படவில்லை. கொடுத்தவர் பெயரால் விளங்கினும், அது கற்போரின் உடைமையாகிவிட்டது.

இளைஞர்களே! எங்கள் ஊர்களிலே கோயிற் கும்பாபிடேகத்துக்கு இலட்சக்கணக்கிற் பொருள் சேர்கின்றது. அது வேண்டியதே. ஆனால் அக்கோயிலின் நிழலிலே தேவாரம் கற்பிக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டா? நூல்நிலையத்துக்கு ஆண்டுதோறும் வரும்படி உண்டா? ஏழை மாணவனுக்கு உதவும் நிதிக்கு ஒழுங்கான கணக்கு உண்டா? இருபது இலட்சம் எம்மிடம் இல்லை. மகமைக் கணக்கொன்று திறக்க இருபது இலட்சம் தேவையுமில்லை. முதற் சம்பளம் பெறும் வாலிபன் அதில் ஒரு சிறுபங்கை ஒதுக்கி, ஐந்துபேர் சேர்ந்து கணக்கெழுதி, தம்மோடு முடிந்துவிடாதபடி அதனை ஓர் ஒழுங்கில் அமைத்துவிட்டால் அதுவே தொடக்கம். அண்ணாமலையாரின் வரலாற்றை நாம் படித்ததன் பயனும் அதுவே.