வெள்ளைக் கிறிஸ்துமஸ் தந்தவர் – இர்விங் பெர்லின்



டிசம்பர் மாதம் வந்துவிட்டால் உலகம் முழுக்க ஒரு ஆங்கிலப் பாட்டு கேட்கும். அதன் பெயர் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’. வெண்பனி மூடிய ஒரு பழைய கிறிஸ்துமஸை ஒருவர் நினைத்துப் பார்ப்பதுதான் பாட்டு. ‘ஹாலிடே இன்’ என்ற ஹாலிவுட் படத்தில் இந்தப் பாட்டு வந்தது. பிறகு இந்தப் பாட்டின் பெயரிலேயே இன்னொரு படமும் வந்தது. இரண்டிலும் ஆட்டம், பாட்டம், பனி, பண்டிகை எல்லாம் உண்டு. இன்றும் கிறிஸ்துமஸ் வந்தால் அமெரிக்காவில் குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றைப் பார்க்கிறார்கள்.

இந்தப் பாட்டை எழுதி இசையமைத்தவர் இர்விங் பெர்லின். அவரைப் பற்றி மூன்று ஆச்சரியங்கள் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒன்று, அவர் கிறிஸ்தவர் அல்ல, யூதர். இரண்டு, அவருக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. மூன்று, கிறிஸ்துமஸ் நாள் அவர் வீட்டில் துக்க நாள்!

அப்படிப்பட்ட ஒருவர் எப்படி இந்தப் பாட்டை எழுதினார்? வாங்க பார்ப்போம்.

கப்பலில் வந்த சிறுவன்

1888 மே 11 அன்று ரஷ்யப் பேரரசில் ஒரு ஏழை யூதக் குடும்பத்தில் எட்டாவது கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் இஸ்ரேல். அப்பா யூதக் கோவிலில் பிரார்த்தனைப் பாடல் பாடுபவர். அந்தக் காலத்தில் ரஷ்யாவில் யூதர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. இவர்கள் வீடும் எரிந்து போனது. சாலையோரம் ஒரு போர்வையில் படுத்தபடி வீடு எரிவதைப் பார்த்தது மட்டும்தான் அந்த ஊரைப் பற்றி அவர் மனதில் நின்ற நினைவு.

1893-ல் குடும்பம் கப்பலேறி நியூயார்க் வந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழைப் பகுதியில் குடியேறினார்கள். பக்கத்தில் ஓர் ஐரிஷ் குடும்பம் இருந்தது. டிசம்பரில் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள். சிறுவன் இஸ்ரேல் ஓடிப்போய் அதைப் பார்ப்பான். அவன் வீட்டுப் பண்டிகை அல்ல. ஆனாலும் பார்க்க ஆசை.

1901-ல் அப்பா இறந்துவிட்டார். அப்போது இவருக்கு வயது 13. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து வெளியேறினார். மதுக்கடைகளில் பாடினார். குடிக்க வந்தவர்கள் வீசுகிற சில்லறைதான் சம்பளம். பிறகு ஒரு கடையில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை கிடைத்தது. 1907-ல் முதல் பாட்டு அச்சானது. அதற்கு அவர் பங்காகக் கிடைத்தது ஒரு டாலரில் பாதிகூட இல்லை! ஆனால் அந்தத் தாளில் அச்சான ‘பெர்லின்’ என்ற பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது.

கருப்புக் கட்டை பியானோ

1911-ல் வந்த ‘அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்’ என்ற பாட்டு அவரை ஒரே வருஷத்தில் உலகப் புகழ் பெறச் செய்தது. ஆனால் பாருங்க, அவருக்குப் பியானோவில் பெரும்பாலும் கருப்புக் கட்டைகளில்தான் வாசிக்க வரும். வேறு சுருதி வேண்டுமென்றால் என்ன செய்வார்? அதற்கென்றே ஒரு தனிப் பியானோ வைத்திருந்தார். அதன் அடியில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் அதே கட்டைகளில் வேறு சுருதி வரும். மனதில் தோன்றும் மெட்டை அவர் வாசித்தும் பாடியும் காட்டுவார். உதவியாளர் ஒருவர் அதைக் குறிப்பாக எழுதிக்கொள்வார். தெரியாததை நினைத்து அவர் உட்கார்ந்துவிடவில்லை. தெரிந்ததை வைத்தே சுமார் 1,500 பாட்டு எழுதினார்.

டிசம்பர் 25

புகழ் வந்த மாதிரியே துன்பமும் வந்தது. 1912-ல் டோரத்தி என்ற பெண்ணை மணந்தார். சில மாதங்களிலேயே அந்தப் பெண் டைபாய்டு காய்ச்சலில் இறந்து போனார்.

பல வருஷம் தனியாக இருந்தார். 1926-ல் எலின் மெக்கே என்ற எழுத்தாளரைக் காதலித்து மணந்தார். எலின் கத்தோலிக்கர். அவருடைய அப்பா பெரிய பணக்காரர். மதம் வேறு, பிறப்பு வேறு என்று அவர் ஒரேயடியாக எதிர்த்தார். மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

1928 டிசம்பர் 1-ல் பெர்லின் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்பா பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தை அதே மாதம் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, இறந்துவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேசாமல் இருந்த மாமனார் இந்தச் சாவுக்குப் பிறகுதான் சமாதானம் ஆனார்.

இவர்களுக்கு மூன்று மகள்கள் உண்டு. மகள்களுக்காக வீட்டில் மரம், பரிசு, விருந்து என்று கிறிஸ்துமஸைக் குறைவில்லாமல் கொண்டாடினார்கள். ஆனால் அந்த நாள் அம்மா அப்பா இருவருக்குமே வேதனை நாளாக இருந்தது என்பது மூத்த மகள் மேரி எலினுக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்பாவைப் பற்றி 1994-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் இதை எழுதியிருக்கிறார்.

விடுமுறையில் மட்டும் திறக்கும் விடுதி

1942-ல் வந்தது ‘ஹாலிடே இன்’. கதை சின்னதுதான். மேடைப் பாடகர் ஒருவர் நகரத்து ஓட்டம் அலுத்துப்போய்க் கிராமத்தில் பண்ணை வாங்குகிறார். விவசாயம் கைகொடுக்கவில்லை. அந்த வீட்டையே விடுதியாக்கி, பண்டிகை விடுமுறை நாட்களில் மட்டும் திறக்கிறார். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பாட்டு, ஒரு ஆட்டம். இந்த யோசனையே பெர்லினுடையதுதான். பாடகராக பிங் கிராஸ்பி, நடனக்காரராக ஃப்ரெட் அஸ்டேர். இந்த ஜோடியைப் பார்ப்பதற்கே கூட்டம் வந்தது.

‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டு வரும் இடம் ஆர்ப்பாட்டமே இல்லாதது. ஆள் இல்லாத விடுதி. ஒரு மரம். பாடகரும் கதாநாயகியும் மட்டும். கிராஸ்பி மெதுவாகப் பாடுகிறார், மரத்தில் தொங்கும் மணிகளைத் தன் புகைக்குழாயால் தட்டுகிறார். அவ்வளவுதான். படத்தின் கடைசியில் அதே விடுதியை ஹாலிவுட்டில் செட் போட்டிருப்பார்கள். பொய்ப்பனி, பொய் வீடு. அங்கே நின்று கதாநாயகி அதே பாட்டைப் பாடும்போது கண் கலங்குகிறாள். செட் பொய், ஏக்கம் நிஜம். இந்த வகைப் படங்களின் ரகசியமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெர்லின் எழுதிய முழுப் பாட்டின் தொடக்கத்தில் பனியே கிடையாது. வெயிலும் பனைமரமும் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவர் டிசம்பர் மாதம் வடக்குப் பக்கம் போக ஏங்குகிறார். அதாவது, கையில் இல்லாததை நினைத்துப் பாடும் பாட்டு இது.

இந்தப் படத்தில் ஒரு குறையும் உண்டு. லிங்கன் பிறந்தநாள் பாட்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைப் போல ஆடுவார்கள். அது கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பழைய வழக்கம். இன்று தொலைக்காட்சியில் பல சமயம் அந்தக் காட்சியை வெட்டிவிடுகிறார்கள். நல்ல படத்திலும் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும்.

போர்முனைக்குப் போன பாட்டு

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. அதே டிசம்பர் 25-ல் கிராஸ்பி வானொலியில் இந்தப் பாட்டை முதன்முதலாகப் பாடினார். மறுவருஷம் படம் வந்தது ஆகஸ்ட் மாதம், நல்ல கோடையில்! படத்தில் வேறொரு காதல் பாட்டுத்தான் பிரபலமாகும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அக்டோபருக்குள் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ முதலிடத்துக்கு வந்துவிட்டது.

காரணம் போர்வீரர்கள். பசிபிக் தீவுகளின் வெக்கையில் கிடந்தவர்கள் இராணுவ வானொலிக்குத் திரும்பத் திரும்ப இதையே கேட்டு எழுதினார்கள். பாட்டில் போர் பற்றி ஒரு சொல் இல்லை. வீடு மட்டும் இருந்தது. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

பெர்லினும் சும்மா இருக்கவில்லை. ‘திஸ் இஸ் தி ஆர்மி’ என்ற நாடகத்தை வீரர்களையே நடிக்க வைத்து நாடு நாடாகக் கொண்டுபோனார். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவுகளாக இருந்த அந்த இராணுவத்தில் இந்த நாடகக் குழுவில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். வந்த பணத்தை வீரர்களின் குடும்ப நிதிக்கே கொடுத்துவிட்டார்.

1954-ல் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ படம் வந்தது. அது 1944-ல் இடிந்த ஊர் ஒன்றில், வீரர்கள் நடுவே இந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. பத்து வருஷம் கழித்து அவர்களுடைய தளபதி, பனியே விழாத ஒரு மலை ஊரில், யாரும் வராத விடுதியை நடத்திக்கொண்டிருக்கிறார். பழைய வீரர்கள் ஒன்றுகூடி வந்து அவரை ஆச்சரியப்படுத்துகிறார்கள். முடிவில் பனி விழுகிறது. அந்த வருஷம் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் இதுதான்.

கடைசிக் காலம்

1962-க்குப் பிறகு பெர்லின் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டார். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. 1983 கிறிஸ்துமஸ் சமயம் சிலர் அவர் வீட்டு வாசலில் நின்று அவருடைய பாட்டைப் பாடினார்கள். 95 வயதுப் பெரியவர் அவர்களை உள்ளே கூப்பிட்டு நன்றி சொன்னார். 1988-ல் எலின் இறந்தார். அடுத்த வருஷம் செப்டம்பர் 22-ல் தன் 101-வது வயதில் தூக்கத்திலேயே அவரும் கண்மூடினார்.

நண்பர்களே, பண்டிகை என்றால் எல்லார் வீட்டிலும் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்கிறோம். போன வருஷம் எங்க வீட்டில் தீபாவளி இல்லை. தாத்தா தவறிட்டாங்க. தெருவெல்லாம் வெடிச்சத்தம், நாங்க மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தோம். அப்போது பக்கத்து வீட்டு அத்தை ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தாங்க. பெர்லினின் பாட்டும் அதைத்தான் செய்கிறது என்று இதை எழுதும்போது நினைத்துக்கொண்டேன். நம் வகுப்பிலும் இந்த வருஷம் பண்டிகை இல்லாத வீடு இருக்கும். கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவோமா?

உங்களுக்குத் தெரியுமா?

★ ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. 1943 விழாவில் உறையைப் பிரித்து வெற்றியாளர் பெயரை அறிவிக்க வந்தவரே பெர்லின்தான்! தன் பெயரைத் தானே படித்தார்.

★ கிராஸ்பி 1942-ல் பதிவு செய்த மூலத்தட்டு, பிரதி எடுத்து எடுத்தே தேய்ந்துவிட்டது. 1947-ல் மறுபடி பாடிப் பதிந்தார்கள்.

★ கிராஸ்பி பாடிய இசைத்தட்டு சுமார் 5 கோடி விற்றிருக்கும் என்பது கின்னஸ் கணக்கு.

★ ‘காட் பிளெஸ் அமெரிக்கா’ பாட்டின் வருமானத்தைச் சாரணர், சாரணியர் இயக்கங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நம் பள்ளிச் சாரணர்கள் கவனிக்க!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி