பாரிஸ் நகரத்துத் தச்சர்

தச்சுத் தொழில் திருக்குடும்பத்தின் தொழில். நாசரேத்தூரில் உளி பிடித்த புனித சூசையப்பரின் கைகளே உலக இரட்சகரைத் தூக்கி வளர்த்தன. அத்தொழிலில் மன்னரும் வியக்கும்படி உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம். அவர் பெயர் ஆந்த்ரே ஷார்ல் பௌல். பிரெஞ்சு நாட்டு மேசை, நாற்காலி, அலமாரிகளின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

ஆந்த்ரே 1642-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையும் மரவேலை செய்பவரே. அக்காலத்துப் பிரெஞ்சு வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் கடைசல் கால்களும் கனத்த உடலும் கொண்ட சாமான்கள். அவற்றைப் பதின்மூன்றாம் லூயி பாணி என்பர். 1643-இல் பதினான்காம் லூயி குழந்தைப் பருவத்திலேயே அரியணை ஏறினார். அவர் வளர்ந்து ஆட்சியைத் தம் கையில் எடுத்தபின், அரண்மனைச் சாமான்களும் அரசனின் பெருமையைப் பேசவேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தை மரத்தில் வடித்தவர்களில் தலைசிறந்தவர் ஆந்த்ரே.

அமைச்சர் கோல்பேர் அவருடைய திறமையை மன்னரிடம் எடுத்துரைத்தார். 1672-இல் லூவர் அரண்மனையில் ஆந்த்ரேக்கு இடம் கிடைத்தது. மரவேலை செய்பவர் உலோக வேலை செய்யக்கூடாது என்பது அந்நாளைய தொழிற்சங்கங்களின் விதி. அரண்மனையில் குடியிருந்தோரை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை. ஆகவே, மரமும் வெண்கலமும் அவர் பட்டறையில் ஒன்றுசேர்ந்தன. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1674-இல், பிரெஞ்சுக்காரர் நம் புதுச்சேரியில் காலூன்றினர் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

அவருக்குப் புகழ் தேடித்தந்த வேலை எது? ஆமை ஓட்டையும் பித்தளையையும் இழைத்துப் பதிக்கும் வேலை. மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் நமக்கு அழுங்காமையைத் தெரியும். அவ்வினத்து ஆமையின் ஓடு சூட்டில் இளகும். அதை அழுத்தித் தகடாக்கலாம். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கொடியும் பூவும் வரைந்து, மெல்லிய வாளால் இரண்டையும் ஒருசேர அறுப்பார்கள். ஆமையோட்டில் விழுந்த இடைவெளியில் பித்தளைப் பூவை வைத்தால் ஒரு பலகை ஆயிற்று. மிஞ்சிய பித்தளையில் ஆமையோட்டுப் பூவை வைத்தால் அதற்கு இணையான இன்னொரு பலகை ஆயிற்று! இம்முறையை முதலில் கண்டவர் அவரல்லர். ஆனால் அதில் அவருக்கு நிகராக எவரும் இல்லாததால் அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கருங்காலி மரத்தோடு இவை சேர்ந்தபோது சாமான்கள் பொன்போல் ஒளிர்ந்தன.

வெர்சாய் அரண்மனையில் பட்டத்து இளவரசரின் அறையை அவர் அலங்கரித்தார். த்ரியானோன் மாளிகைக்காக 1708-இல் அவர் செய்யத் தொடங்கிய இரு இழுப்பறைப் பெட்டிகள் இன்றும் வெர்சாயில் உள்ளன. 1693-இல் நம் ஓரியூரில் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தியபோது, ஆந்த்ரே ஐம்பது வயதில் புகழின் உச்சியில் இருந்தார்.

ஆயினும் அவரிடம் ஒரு குறை இருந்தது. பெரும் ஓவியர்களின் சித்திரங்களைக் கண்டால் விலை பாராமல் வாங்கிவிடுவார். ரபேல், ரூபன்ஸ் போன்றோரின் கைவண்ணங்கள் அவர் வீட்டில் குவிந்தன, கடனும் குவிந்தது. 1704-இல் கடன்காரரிடமிருந்து அவரைக் காக்க மன்னரே தலையிட வேண்டியதாயிற்று. 1715-இல் தொழிலைத் தம் நான்கு புதல்வர்களிடம் ஒப்படைத்தார். 1720-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பட்டறையில் தீப்பற்றியது. மரமும், கருவிகளும், பாதி முடிந்த சாமான்களும், ஆயுளெல்லாம் சேர்த்த சித்திரங்களும் பெரும்பாலும் சாம்பலாயின. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அதன்பின்னும் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1732 பிப்ரவரியில் கடனாளியாகவே கண்மூடினார்.

அவருக்குப்பின் பாணிகள் பல மாறின. பதினைந்தாம் லூயி காலத்தில் சாமான்களின் கால்கள் வளைந்தன. பதினாறாம் லூயி காலத்தில் மீண்டும் நேராயின. நெப்போலியன் காலத்தில் பண்டை ரோமானியரின் சாயல் வந்தது. இத்தனை மாற்றங்களிலும் ஆந்த்ரேயின் வேலைப்பாடு மதிப்பிழக்கவில்லை. பாரிஸில் 1886-இல் தோன்றிய தொழிற்கலைப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் படைத்த அழகுக்காக ஆமைகள் உயிரிழந்ததையும் நாம் மறக்கலாகாது. இன்று கடலாமைகளைச் சட்டம் காக்கிறது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக உள்ளன. இறைவன் படைத்த உயிரைக் காப்பதும் ஓர் அருங்கலையே.

அன்புத் தோழியரே! வாங்கிச் சேர்த்ததைத் தீ கொண்டுபோயிற்று. கருத்தூன்றிச் செய்து பிறருக்குக் கொடுத்ததோ முந்நூறு ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. தையலாயினும், கோலமாயினும், கணக்காயினும், நம் கைக்கு வந்த வேலையை அவர்போல் செம்மையாகச் செய்வோம். வரவறிந்து செலவு செய்யவும் கற்போமாக.