ஆன்ட்ரூ பெல்

ஆன்ட்ரூ பெல் (மார்ச் 27, 1753 – ஜனவரி 27, 1832) ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த கல்வியாளரும் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவும் ஆவார். மாணவர்களே மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் நடைமுறைப்படுத்தி, பின்னர் இங்கிலாந்தில் பரப்பினார். இது சென்னை முறை என அழைக்கப்பட்டது.

இளமை

பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றார். 1774 இல் வட அமெரிக்காவின் வர்ஜீனியா சென்று தனியாசிரியராகப் பணியாற்றினார். 1781 இல் தாயகம் திரும்பி, பின்னர் குருப்பட்டம் பெற்றார்.

சென்னையில்

1787 இல் சென்னை வந்த பெல், 1789 இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஐரோப்பியப் படைவீரர்களின் மகன்கள் இங்கு பயின்றனர். அவர்களுள் பலரின் தாய்மார் இந்தியப் பெண்கள்.

சென்னையில் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். தமது இல்லத்திலும் எழுத்துகளை அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். துணை ஆசிரியர் அது இயலாது என்றதால், ஜான் பிரிஸ்கென் என்ற ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றி பெறவே, மற்ற வகுப்புகளும் மாணவர் பொறுப்பில் விடப்பட்டன.

திண்ணைப் பள்ளிகளின் பங்கு

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நெடுங்கணக்கையும் எண்சுவடியையும் பிள்ளைகள் இவ்வாறு ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். தென்னிந்தியாவில் பயணம் செய்த இத்தாலியரான பியத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் மணலில் எழுதித் தமக்குள்ளேயே கணக்குக் கற்றதை 1623 இலேயே குறித்துள்ளார். பெல்லாரி ஆட்சியரான கேம்பெல், இங்கிலாந்தில் பின்பற்றப்பட்ட இம்முறை இந்தியாவிலிருந்து சென்றதே எனத் தமது 1823 ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தார். ஆகவே, பெல் இம்முறையைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பதைவிட, இங்கிருந்த வழக்கத்தை ஒழுங்குபடுத்திப் பரப்பினார் என்பதே பொருந்தும்.

இங்கிலாந்தில்

உடல்நலக் குறைவால் 1796 இல் சென்னையை விட்டு நீங்கிய பெல், 1797 இல் தமது அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் இத்தகைய முறையில் பள்ளி நடத்தினார். முறையை உருவாக்கியவர் யார் என்பது குறித்து இருவரின் ஆதரவாளர்களிடையே நீண்ட பூசல் நிகழ்ந்தது. திருச்சபை சார்ந்தோர் பெல்லையும், பிற கிறித்தவப் பிரிவினர் லங்காஸ்டரையும் ஆதரித்தனர். 1811 இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கம் பெல்லின் முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தியது.

மதிப்பீடு

ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் குறைந்த செலவில் கற்பிக்க இம்முறை உதவியது. ஆனால் மாணவ ஆசிரியர் தாம் அறிந்ததையே திரும்பச் சொல்ல முடிந்ததால், மனப்பாடம் மிகுந்து புரிதல் குறைந்தது என்ற குறை எழுந்தது. 1846 இல் பயிற்சியும் ஊதியமும் பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் இங்கிலாந்தில் அறிமுகமானபின் சென்னை முறை படிப்படியாக மறைந்தது. எனினும், கற்பிக்கும் மாணவனும் கற்கிறான் என்ற கருத்து இன்றைய சகமாணவர் கற்பித்தலில் தொடர்கிறது.

மறைவு

பெல் 1832 இல் செல்ட்டன்ஹாமில் காலமானார். அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் கல்விக்காக விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்தைக் கொண்டு செயின்ட் ஆன்ட்ரூஸ் நகரில் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அது இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.